சர்க்கரை என்று சொல்லிவிட்டார்களா? முதல் மாதத்துக் கேள்விகள்

கம்பெனி பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 8.1 என்று வந்தது. வயது 41. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். உலை வைப்பவருக்குத் தெரியாமல் சோற்றைக் குறைக்க முடியாது. மாத்திரையைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு, விருந்தில் மறுக்க முடியாமல் இரண்டு லட்டு சாப்பிட்டுவிட்டு என் முன் வந்து உட்காருகிறவர்கள் நிறையப் பேர். அண்ணன், தங்கையையும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ஹெச்பிஏ1சி 8.1 என்பது போன இரண்டு மூன்று மாதத்து ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இறங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சோற்றையே விட்டுவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி நாலு சப்பாத்தி. ஆனாலும் இறங்கவில்லையே?

கேழ்வரகு நல்லதுதான். ஆனால் மாவாக அரைத்து, கரைத்து, காய்ச்சிக் குடித்தால் மளமளவென்று ஏறிவிடும். அதையே முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் கொஞ்சம் நிதானமாக ஏறும். கோதுமையும் மாவுச்சத்துதான், நாலு சப்பாத்தி ஒன்றும் சோற்றுக்குச் சளைத்ததில்லை. நீங்கள் சோற்றை விடவே வேண்டியதில்லை. தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ, மிச்சத்தில் சோறு. நம் வீடுகளில் காய் என்பது தொட்டுக்கொள்ளத்தான். இனி காயைச் சாப்பிட்டு, சோற்றைத் தொட்டுக்கொள்ளுங்கள். (உருளைக்கிழங்கு பொரியல் காய்க் கணக்கில் வராது!)

சீனிக்குப் பதில் கருப்பட்டி?

நிறம்தான் வேறு. வேண்டாம்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போட்டதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரம்பத்தில் பலருக்கும் அப்படித்தான். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள். இரண்டு வாரத்தில் அடங்கவில்லையென்றால் மெதுவாகக் கரையும் வகையை டாக்டரிடம் கேளுங்கள். அதை உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும்.

என் 9 வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். நான் சாக்லேட் வாங்கிக் கொடுத்ததுதான் காரணம் என்கிறார் மாமியார்.

இல்லைம்மா. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது அது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, இப்படிப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இல்லை. அதனால் யார் என்ன வைத்தியம் சொன்னாலும் ஊசியை ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். வகுப்பு டீச்சரிடம் குளுக்கோஸ் பொட்டலம் கொடுத்து வையுங்கள். கை நடுங்கி வியர்த்து, ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனால் இரண்டு மூன்று டீஸ்பூன் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி. விரலில் குத்திப் பார்க்க மாமியாருக்கும் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் வெளியூர் போகிற அன்றைக்கு அவர்தானே பார்க்க வேண்டும்.