ஸ்கேன் போட்டால் பாதி காணோம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நெட்வொர்க்கில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று தானாகத் தேடிப் பட்டியல் போடும் மென்பொருள் பற்றித்தான் இந்தத் தடவை கடிதங்கள் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, வண்டன்மேடு, மூணாறில் இருந்தும் வந்திருக்கின்றன. ‘ஸ்கேன் வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரி எழுதியவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. ரூட்டர் மாடல், கம்ப்யூட்டரின் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்), சப்நெட் மாஸ்க் (அந்த நெட்வொர்க் எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்), கேபிளா வைஃபையா, இந்த நாலும் இல்லாமல் நான் என்ன ஜோசியமா பார்ப்பது?

கேள்வி (கம்பம், கம்ப்யூட்டர் சென்டர்): எந்த மென்பொருளைப் போடலாம் சார்? காசு செலவழிக்க முடியாது.

காசு தேவையில்லை. யார் யார் இருக்கிறார்கள் என்று எப்போதாவது ஒரு தடவை பார்த்தால் போதும் என்றால் ஆங்ரி ஐபி ஸ்கேனர், அல்லது என்மேப்பும் அதைப் பொத்தான்களால் இயக்க உதவும் முகமான சென்மேப்பும். என்மேப் 1997 முதல் இருக்கிற சரக்கு, நம்பலாம். எது எப்போது படுத்தது என்று இரவு பகலாகக் கண்காணிக்க வேண்டும் என்றால் சாபிக்ஸ் அல்லது லிப்ரே என்எம்எஸ். இவை இரண்டின் சர்வரும் லினக்ஸில்தான் ஓடும். விண்டோஸுக்கு சாபிக்ஸ் ஏஜென்ட் (அந்தக் கம்ப்யூட்டரின் நிலவரத்தைச் சர்வருக்குச் சொல்லும் துணை மென்பொருள்) மட்டும்தான் உண்டு. அதை இறக்கி வைத்துக்கொண்டு ‘சர்வர் ஓப்பன் ஆகவில்லை’ என்று எழுதாதீர்கள். ரூட்டர் மைக்ரோடிக் என்றால் ‘த டியூட்’ என்ற ஒன்றையும் பார்க்கலாம்.

கேள்வி (போடி, ஏலக்காய்க் கமிஷன் மண்டி): என்மேப் போடும்போது என்பிகேப் என்று இன்னொன்றைப் போடச் சொல்கிறது. வைரஸா? வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது 30 கம்ப்யூட்டரில் ஏழெட்டுதான் தெரிகிறது.

டிக்கை எடுத்ததுதான் வினை. நெட்வொர்க் கார்டில் பாக்கெட்டை நேரடியாக அனுப்பவும் வாங்கவும் விண்டோஸில் அந்த டிரைவர் வேண்டும். அது இல்லாவிட்டால் என்மேப் சுற்று வழியில்தான் விசாரிக்கும். ஃபயர்வால் போட்ட கம்ப்யூட்டர்கள் வாயே திறக்காது. என்பிகேப்பைப் போடுங்கள், சென்மேப்பை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறங்கள், பிங் ஸ்கேன் என்ற ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நெட்வொர்க்குக்குள் அது பிங்கை (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சோதனைச் செய்தி) நம்புவதில்லை, ஏஆர்பி (இந்த ஐபி யாருடையது என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும் முறை) மூலம் கேட்கும். பிங்குக்கு முகம் கொடுக்காத கம்ப்யூட்டரும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் அதனால் நெட்வொர்க்கில் பிழைக்கவே முடியாது.

கேள்வி (செங்கோட்டை): வரம்பு 10.0.0.0/8 கொடுத்தேன். நேற்று மாலையில் இருந்து ஓடுகிறது. எப்போது முடியும்?

கிட்டத்தட்ட 1.7 கோடி முகவரி கொடுத்திருக்கிறீர்கள். பொங்கலுக்கு முடியலாம், எந்தப் பொங்கல் என்று கேட்காதீர்கள். நிறுத்துங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் அடித்து மாஸ்க்கைப் பாருங்கள். 255.255.255.0 என்றால் /24, அதாவது 254 முகவரி. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி (குமுளி, ஹோம்ஸ்டே): 12 கேமரா இருக்கிறது. என் லேப்டாப்பில் ஸ்கேன் போட்டால் 4 மட்டும் தெரிகிறது. வேறு மூன்று மென்பொருள் போட்டுப் பார்த்தும் அதே 4தான். எது சரியான மென்பொருள்?

மூன்று மென்பொருளும் ஒரே பதில் சொன்னால் மென்பொருள் சரி, வயரிங்தான் தப்பு என்று அர்த்தம். அவை ஐபி கேமராவா, டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிக்குக் கோஆக்ஸ் வயரில் (டிவி கேபிள் மாதிரியானது) வருகிற பழைய கேமராவா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. கோஆக்ஸ் என்றால் கேமராவுக்கு ஐபியே கிடையாது, டிவிஆர் மட்டும்தான் தெரியும். என்விஆரின் (ஐபி கேமராவுக்கான பதிவுப் பெட்டி) பின்பக்கம் உள்ள பிஓஇ போர்ட்டில் (கேபிளிலேயே கரண்டும் தருவது) நேராகச் செருகியிருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. என்விஆர் அவற்றுக்கென்று உள்ளுக்குள் தனி நெட்வொர்க் வைத்துக்கொள்ளும். இரண்டும் இல்லை என்றால் நான் சந்தேகப்படுவது ஒன்றைத்தான், அதைப் பற்றிக் கொஞ்சம் ஆத்திரம் தீர எழுதப் போகிறேன்.

தேக்கடி, மூணாறு பக்கம் ஹோம்ஸ்டே, ரிசார்ட் எங்கே போனாலும் இதே கதைதான். மேல் மாடியில் சிக்னல் இல்லை என்று முதலாளி சொல்வார். கேமரா போட வந்த பையன் கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி வந்து, கீழே இருந்து வருகிற கேபிளை அதன் வேன் (WAN, இன்டர்நெட் உள்ளே வருகிற) போர்ட்டில் செருகிவிட்டு, வாட்ஸ்அப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவான். அடுத்த வருஷம் பின்கட்டில் சிக்னல் இல்லை, இன்னொரு ரூட்டர். எந்த ரூட்டரிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்காது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பையன் போன் நம்பர் மாறியிருக்கும்.

இதனால் என்ன கெடுகிறது? வேன் போர்ட்டில் செருகியதும் அந்த ரூட்டர் தனக்குப் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கிவிடும். கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை. மேலே இருக்கிற 8 கேமராவும் கீழே இருந்து பார்த்தால் 192.168.1.7 என்ற ஒற்றை ஆசாமிதான். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவன் சொல்ல மாட்டான். பல ரூட்டர்கள் வேன் பக்கம் பிங்குக்குக்கூடப் பதில் தராது. ஏஆர்பி ரூட்டரைத் தாண்டாது. உலகத்திலேயே விலை கூடிய மென்பொருளைப் போட்டாலும் இதுதான் நிலைமை. இரண்டு ரூட்டரும் 192.168.1 வரிசையையே கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம், ஒரே முகவரியில் கீழே பிரிண்டர், மேலே கேமரா.

சோதிக்க எளிய வழி: மாடி வைஃபையில் சேர்ந்துகொண்டு 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு டிரேஸ்ரூட் (வழியில் வரும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) போடுங்கள். முதல் இரண்டு வரியும் 192.168 என்று தொடங்கினால் ரூட்டருக்குப் பின்னால் ரூட்டர் இருக்கிறது.

திருத்துவதற்கு வரிசை முக்கியம். மாடி ரூட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) இருந்தால் அதைப் போட்டாலே தீர்ந்தது. இல்லாவிட்டால் முதலில் மாடி ரூட்டரின் லேன் (LAN, உள் நெட்வொர்க் பக்க) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். மெயின் ரூட்டர் தானாகப் பங்கிடும் முகவரி வரிசைக்குள் அது வரக் கூடாது. அடுத்து அதன் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரியைத் தானாகப் பங்கிடும் வசதி) நிறுத்துங்கள். அதற்கு அப்புறம்தான் கேபிளை வேன் போர்ட்டில் இருந்து எடுத்து லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும். டிஎச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால் இரண்டு பேர் போட்டி போட்டு முகவரி கொடுப்பார்கள், வீடு முழுக்க இன்டர்நெட் போகும். கையால் ஐபி போட்ட கேமரா இருந்தால் அவற்றையும் 192.168.1 வரிசைக்கு மாற்றியாக வேண்டும். எல்லாம் முடிந்து ஸ்கேன் போடுங்கள், 12ம் வரும்.

வந்த பிறகு இன்னொரு வேலை. இப்போது விருந்தாளியின் போனுக்கும் உங்கள் கேமரா தெரியும். மெயின் ரூட்டரில் கெஸ்ட் வைஃபையைப் போட்டு அவர்களுக்கு அதை மட்டும் கொடுங்கள். அப்படியே ஒரு தாளில் எந்த ரூட்டர் எங்கே, எந்தக் கேபிள் எதற்கு என்று வரைந்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த பையன் வந்து கைவைக்கும்முன் அதைப் பார்க்கட்டும்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): வர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) சாபிக்ஸ் போட்டேன். டிஸ்கவரியில் (தானாகத் தேடும் வசதி) எதுவும் வரவில்லை.

உங்கள் வர்ச்சுவல் மெஷினின் ஐபி 10.0.2.15 என்றுதான் இருக்கும், பந்தயம். நாட் (NAT) மோடில் இருக்கிறது, அதாவது உங்கள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தனி நெட்வொர்க்கில். உங்கள் நெட்வொர்க்கிலேயே நேராகச் சேர்க்கும் பிரிட்ஜ்டு அடாப்டருக்கு மாற்றுங்கள். வைஃபையில் பிரிட்ஜ் தகராறு செய்யும், கேபிள் போடுங்கள். சாபிக்ஸில் கூடவே வருகிற டிஸ்கவரி ரூலும் முதலில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், வரம்பும் 192.168.0 வரிசைக்குப் போட்டது. உங்கள் வரம்பைக் கொடுத்து எனேபிள் செய்யுங்கள்.

கேள்வி (களியக்காவிளை, சூப்பர் மார்க்கெட்): ஸ்கேன் ஓடும்போது பில் பிரிண்டர் கன்னாபின்னாவென்று எழுத்துகளை அடித்து ஒரு ரோல் பேப்பரைத் தின்றுவிட்டது. வைரஸா அண்ணா?

வைரஸ் இல்லை. நெட்வொர்க் பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில் (கேபிள் செருகும் ஓட்டை அல்ல, உள்ளே வரும் கதவு எண்) காத்திருக்கும்; அங்கே என்ன வந்தாலும் அச்சடித்துவிடும். உங்கள் ஸ்கேனர் ‘நீ யார்?’ என்று விதவிதமாகக் கேட்டிருக்கிறது, அது அத்தனையையும் பில்லாக அடித்துவிட்டது. என்மேப் இதற்காகவே வெர்ஷன் விசாரிக்கும்போது 9100ஐத் தானாகத் தவிர்க்கும். எல்லா போர்ட்டையும் விசாரி என்று நீங்கள் கூடுதலாக டிக் போட்டிருப்பீர்கள், அல்லது வேறு ஸ்கேனராக இருக்கும். பிரிண்டர் ஐபிகளை விலக்குப் பட்டியலில் போடுங்கள், அவற்றுக்குப் பிங் மட்டும் போதும். கூட்ட நேரத்தில் கடை நெட்வொர்க்கில் முழு ஸ்கேன் போடுவானேன்?

கேள்வி (வண்டன்மேடு, எஸ்டேட் ஆபீஸ்): ஸ்விட்ச் பட்டியலில் வருகிறது. ஆனால் எந்த போர்ட்டில் எது என்று காட்டவில்லை.

மேனேஜ்டு ஸ்விட்சா (தனக்கென்று ஐபியும் செட்டிங்கும் உள்ளது)? சாதாரண ஸ்விட்ச் என்றால் பட்டியலிலேயே வந்திருக்காது, அதனால் ஆமாம் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் எஸ்என்எம்பியை (சாதனத்தின் நிலவரத்தை மென்பொருள் கேட்டு வாங்கும் முறை) இயக்க வேண்டும். படிக்க மட்டும் அனுமதி, எழுத வேண்டாம். அதற்குப் பாஸ்வேர்டு மாதிரியான கம்யூனிட்டிப் பெயர் ‘பப்ளிக்’ என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள். அது உலகத்துக்கே தெரிந்த பெயர். எஸ்என்எம்பி இரண்டாம் பதிப்பில் அந்தப் பெயர் மறைக்கப்படாமல் அப்படியே கேபிளில் போகும். ஸ்விட்சில் மூன்றாம் பதிப்பு இருந்தால் அதைப் போடுங்கள், அதில் பாஸ்வேர்டும் குறியாக்கமும் உண்டு. எஸ்என்எம்பி பேசுகிற யுடிபி 161 போர்ட் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும். ஸ்விட்சுகளில் எல்எல்டிபியையும் (பக்கத்துச் சாதனத்துக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை) இயக்கினால் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று மென்பொருளே படம் போட்டுவிடும். போட்டாலும் ஒரு தாளில் நீங்களும் வரைந்து வையுங்கள்.

துலா (ஐப்பசி) மழை இடியில் வருஷம் ஒரு ஸ்விட்ச் போகிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியே அதுவாக இருந்திருக்க வேண்டும். ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் நடுவே வெளியே தொங்குகிற செம்புக் கேபிளை எடுத்துவிட்டு, உலோகக் கம்பி சேராத ஃபைபர் இழுங்கள். இரண்டு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர் போதும். அந்தக் கேபிள் வழியாக வருகிற இடி அதோடு நின்றது; கரண்ட் வழியாக வருவதற்கு எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் தனியாகப் பாருங்கள்.

கேள்வி (உத்தமபாளையம்): ஒரே போன் பத்து தடவை வேறு வேறு சாதனமாகப் பதிவாகிறது.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு உண்மையான மேக் முகவரியைத் (மென்பொருள் சாதனத்தை அடையாளம் காணும் எண்) தருவதில்லை. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் பொய்ப்பெயர். ஆபீஸ் போன்களில் அந்த வைஃபைக்கு மட்டும் இதை நிறுத்தலாம். விருந்தாளி போனை விடுங்கள்.

கேள்வி (மூணாறு, ரிசார்ட்): நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்கவரி ஓட வைத்திருக்கிறேன். நெட் மெதுவாகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். புதிதாக யார் வந்தார்கள் என்று தேடுவது வேறு, இருப்பவர்கள் நலமா என்று கேட்பது வேறு. லிப்ரே என்எம்எஸ் கேட்பதை 5 நிமிடத்துக்கு ஒரு தடவையும் தேடுவதை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவையும்தான் செய்கிறது. உங்கள் ரிசார்ட்டில் மணிக்கொரு புதுக் கேமரா முளைக்கிறதா என்ன?

கேள்வி (புளியரை, லாரி புக்கிங் ஆபீஸ்): ஸ்கேனரில் எல்லாக் கம்ப்யூட்டரும் தெரிகிறது. விண்டோஸ் ‘நெட்வொர்க்’கில் ஒன்றும் இல்லை.

நெட்வொர்க்கைப் பப்ளிக்கில் இருந்து பிரைவேட்டுக்கு மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரியை ஆன் செய்யுங்கள். அப்புறம் சர்வீசஸில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும். எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறை) ஒன்றாம் பதிப்பைத் திரும்பப் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2017ல் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் புகுந்தது அந்த வழியாகத்தான்.

கேள்வி (ஊர் பெயர் வேண்டாம்): எதிர் லாட்ஜின் வைஃபை பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அங்கே ஸ்கேன் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ம் 66ம். மூன்று வருடம் வரை உள்ளே, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கேள்வி (கம்பம், ஹார்டுவேர் கடை): கம்பத்தில் ஒரு கடை, குமுளியில் ஒரு கடை. இரண்டையும் கம்பத்தில் உட்கார்ந்தே பார்க்க முடியுமா?

முடியும். இரண்டு ரூட்டருக்கும் நடுவே விபிஎன் (இன்டர்நெட் வழியாக இரண்டு நெட்வொர்க்கையும் இணைக்கும் தனிப் பாதை) போட வேண்டும். இல்லையென்றால் குமுளியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் சாபிக்ஸ் ப்ராக்ஸி. அது அங்கேயே தேடி இங்கே அனுப்பும். விபிஎன் வழியில் ஒரு முட்டுக்கட்டை: இரண்டு கடையும் 192.168.1 வரிசையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஒரே வரிசையை வைத்துக்கொண்டு விபிஎன் சரியாக வராது. குமுளியை 192.168.20க்கு மாற்றுங்கள், அங்கேதான் சாதனம் குறைவு. டிவிஆர், பிரிண்டர், கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின் மூன்றிலும் ஐபி கையால் போட்டிருப்பார்கள். ரூட்டரைத் தொடும்முன் முதலில் அவற்றை மாற்றுங்கள். ரூட்டரை முதலில் மாற்றிவிட்டால் உங்கள் லேப்டாப்பில் இருந்து அவற்றை எட்ட முடியாமல் ஒவ்வொன்றாகத் திரை முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும்.