அலாய் வீலில் காற்று நிற்கவில்லையா? வாசகர் கேள்வி பதில்

மழை விட்டு, சாலைப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் வற்றும் பருவம் இது. டெல்டா வாசகர்களிடமிருந்து ரிம் பற்றி வந்த கேள்விகள் சில.

மன்னார்குடி வாசகர்: முன்பக்க இடது டயரில் 32 பி.எஸ்.ஐ. வைத்தால் நாலே நாளில் 20க்கு இறங்கிவிடுகிறது. பங்சர் கடையில் தொட்டியில் முக்கிப் பார்த்து, ஓட்டையே இல்லை என்கிறார்கள். டியூப் போட்டுவிடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

போடாதீர்கள். முதலில் காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பங்சர் கடைத் தொட்டி பெரும்பாலும் ஆழம் குறைவு. டயரின் ஓடும் பரப்பை உருட்டிப் பார்ப்பார்கள், ரிம்மின் உள்பக்கம் தண்ணீருக்குள் போகவே போகாது. ஆணி குத்தாத டயரில் காற்று இறங்கினால் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

வீலைக் கழற்றி, டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் 40 பி.எஸ்.ஐ. வரை காற்றேற்றுங்கள். ஷாம்பூவைக் கெட்டியாகக் கரைத்து, பிரஷ்ஷால் முதலில் வால்வைச் சுற்றித் தடவி, வால்வைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அடியில் ரப்பர் வெடித்திருந்தால் சாய்க்கும்போது மட்டும் குமிழி வரும். பிறகு டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு, இரண்டு பக்கமும். கடைசியாக உள்பக்க உருளை முழுவதும். அவசரப்படாமல் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். விளிம்பு நெடுக நுரை பொங்கினால் பீட் லீக். ஒரே கோட்டில் பொடிக் குமிழி வரிசை கட்டினால் அது விரிசல். பக்கத்தில் சின்னதாக ஒரு நசுங்கலும் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. காரின் எடை ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் மயிரிழை விரிசல், கழற்றிய வீலில் குமிழியே காட்டாது. அதற்கு டயரைப் பிரித்துவிட்டு டை பெனட்ரன்ட் சோதனை செய்ய வேண்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். திருச்சி திருவெறும்பூர், துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் இது பழகிய வேலை.

டியூப் ஏன் கூடாது? காற்று நின்றுவிடும், விரிசல் நிற்காது. மறைவில் அது வளரும், கூரான வாய் டியூபை அறுக்கும். டியூப்லெஸ் டயரின் உள்சுவரில் டியூப் உரசிச் சூடும் ஏறும். ஆணி குத்தினால் டியூப்லெஸ் மெதுவாக இறங்கும், டியூப் சட்டென்று போய்விடும்.

கும்பகோணம் வாசகர்: விரிசலின் மேல் எம்-சீல் பட்டி வைத்து அடைக்கலாமா?

கூடாது. உள்ளிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருக்கும், ரிம்மும் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து நிமிரும். பட்டி பெயரும் நேரம் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரமாகத்தான் இருக்கும்.

வேதாரண்யம் வாசகர்: நான்கு வீலிலும் மாதத்துக்கு 6, 7 பி.எஸ்.ஐ. குறைகிறது. விரிசல் இல்லை. ரிம் விளிம்பில் வெள்ளைப் பொடி போல் இருக்கிறது.

மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு. உங்களுடையது உப்பரிப்பு. கடல் காற்று போதாதென்று, உப்பு லாரியிலிருந்து ஒழுகும் நீர் சாலையிலிருந்து தெறித்து ரிம்முக்கு உள்ளே ஏறுகிறது. லேக்கர் பூச்சு கீறிய இடத்தில் அலுமினியம் அரித்து வெண்பொடியாகிறது. இந்தக் கீறல் பல நேரம் பேலன்சிங் செய்யும்போது தட்டி மாட்டும் கிளிப் எடையால் வருவது. அலாய்க்கு ஒட்டும் எடைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

சரிசெய்ய டயரைப் பிரித்தாக வேண்டும். டயர் உட்காரும் பீட் பரப்பை 120 நம்பர் எமரித் தாளாலும் ஸ்காட்ச் பிரைட்டாலும் கையால் தேய்த்து, விரலுக்கு வழவழப்பாகும் வரை பொடியை எடுங்கள். கிரைண்டர் வைத்தால் பரப்பின் வடிவமே கெடும், லீக் கூடும். தின்னரில் துடைத்து, வெறும் உலோகம் தெரிந்தால் எபாக்சி பிரைமரை மெல்லிதாக அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு பீட் சீலர் ஒரு மெல்லிய பூச்சு. டயரை ஏற்றும்போது டயர் லூப்ரிகன்ட் மட்டும். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரைக் கெடுக்கும். டயர் கழன்ற கையோடு ரப்பர் வால்வையும் மாற்றிவிடுங்கள். சாதாரண கார் ரிம்மின் 11.5 மி.மீ. துளைக்கு டி.ஆர்.413 என்று கேட்டால் கிடைக்கும். இனிமேல் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை ரிம்மின் உள்பக்கம் பீய்ச்சுங்கள். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம்.

மயிலாடுதுறை வாசகர்: உள்விளிம்பில் 4 செ.மீ. விரிசல். லேத் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் செய்து தருகிறேன் என்கிறார்கள். நம்பலாமா?

விரிசல் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஸ்போக்கிலோ, நடுவிலுள்ள ஹப்பிலோ, நட் துளையைச் சுற்றியோ இருந்தால் பேச்சே வேண்டாம், பழைய அலுமினிய எடைக்குப் போடுங்கள். ஏற்கெனவே வெல்டிங் வைத்த இடத்தில் மறுபடி விட்டிருந்தாலும் அதே கதைதான். உள்விளிம்பில், குட்டையாக, ஒன்றே ஒன்று என்றால் மட்டும் யோசிக்கலாம். வீல் தயாரிப்பாளர்கள் பொதுவாக அதையும் ஏற்பதில்லை.

காரணம் உலோகத்தில் இருக்கிறது. வார்ப்பு அலாய் வீல்கள் பெரும்பாலும் சுமார் 7 சதவீத சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ந்த ஏ356 அலுமினியம். வார்த்த பிறகு 540 டிகிரி செல்சியஸ் அளவில் சூடேற்றி, நீரில் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துத்தான் அதற்கு உறுதி வருகிறது. வெல்டிங் சூடு அந்த உறுதியைச் சுற்றுவட்டத்தில் அழித்துவிடும். அதனால்தான் அடுத்த விரிசல் வெல்டிங் மேல் வராமல் அதன் ஓரத்தில் வருகிறது.

செய்வதென்றால் பட்டறையில் நின்று கவனியுங்கள். டயரை முழுதாகக் கழற்றியிருக்க வேண்டும். விரிசலின் இரு பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. பெயின்ட்டை எடுத்து, டை அடித்து, அது முடியும் இடத்தைப் பார்த்து 3 மி.மீ. துளை போட வேண்டும். அந்தத் துளை இல்லாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு கோட்டை ‘வி’ வடிவில் தோண்டி, அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, இரும்பில் படாத ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைக்க விடாதீர்கள், வெல்டிங் சுடரில் அது நச்சு வாயுவாகும். 100 டிகிரிக்குச் சற்று மேல் முன்சூடு, ஏ.சி. டிக் வெல்டிங் (ஆர்கான் வெல்டிங் என்பது இதுதான்), 4043 அலுமினிய ராடு. முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, தானே ஆற வேண்டும். பீட் பரப்பைச் சமமாக இழைத்து, லீக் பார்த்து, பேலன்சிங்.

நெளிவை எடுக்க கேஸ் சுடர் காட்டிச் சுத்தியலால் அடிக்கும் பட்டறையென்றால் வீலை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அலுமினியம் இரும்பைப் போல் சிவந்து காட்டாது, நிறம் மாறாமலே உருகும். ஹைட்ராலிக் அழுத்தத்தில் மெதுவாக நிமிர்த்துபவரிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்த வீலையும் ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மாட்டிச் சென்னைக்குப் போக வேண்டாம்.

திருவாரூர் வாசகர்: 185/65 ஆர்15 டயருக்குப் பதில் 17 அங்குல அலாய் மாட்ட ஆசை.

கணக்கைப் பாருங்கள். இப்போதுள்ள பக்கச்சுவர் உயரம் 185இல் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. 205/45 ஆர்17 போட்டால் 92. பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் மெத்தையில் 28 மி.மீ. போய்விடும். வாய்க்கால் கரைச் சாலையிலும், வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடையிலும் தினம் ஓடும் வண்டிக்கு நான் 15 அங்குல இரும்பு ரிம்மைத்தான் சொல்வேன். அழகு கொஞ்சம் குறைவு. ஆனால் அடி பட்டால் நெளியும், பெரும்பாலும் விரிசல் விடாது, நிமிர்த்தவும் வரும்.

நாகப்பட்டினம் வாசகர்: உடைந்த வீலுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

முழுக் காப்பீட்டில், பள்ளத்தில் அடித்து உடைந்தது விபத்துச் சேதம். தேய்மானத்தோடு, 1500 சி.சி. வரையிலான காருக்கு 1000 ரூபாயும் அதற்கு மேல் 2000 ரூபாயும் கட்டாயக் கழிவு போகும். வெளியே வாங்கி மாட்டிய அலாய் என்றால் பாலிசியில் அறிவித்திருக்க வேண்டும். ஒரே வீலுக்காகக் கிளெய்ம் போட்டு 50 சதவீதம் வரை சேரும் நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் போடாத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) இழப்பது பல நேரம் நஷ்டக் கணக்கு.

பட்டுக்கோட்டை வாசகர்: பழைய வீல் ஒன்று மட்டும் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

நட் துளைகளின் வட்டமும் நடுத்துளையும் பொருந்த வேண்டும். ஸ்விஃப்டுக்கு 4x100 (100 மி.மீ. வட்டத்தில் நான்கு துளை), நடுத்துளை 54.1 மி.மீ.; கிரெட்டாவுக்கு 5x114.3, 67.1. ஆஃப்செட்டும் (வீலின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் பரப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) அகலமும் மற்ற மூன்றோடு ஒத்திருக்கிறதா என்று பின்பக்க எழுத்தில் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. அல்லது ஜே.டபிள்யூ.எல். (ஜப்பானிய அலாய் வீல் தரம்) முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். உள்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதன் கீழே வெல்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். நட்டின் இருக்கை கூம்பா, உருண்டையா என்று பார்த்து அதற்கேற்ற நட் போடுங்கள். காரின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச்சை வைத்து மறுபடி ஒருமுறை பாருங்கள்.