பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குச் சடங்கு எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பிறந்த மூன்றாம் நாளே எங்கள் குழந்தை போய்விட்டது. பெரியவர்களே தூக்கிப் போய்ப் புதைத்துவிட்டார்கள். பச்சைக் குழந்தைக்குக் காரியம் கிடையாதாம். ஒரு வருஷம் கழித்து நான் ஏதாவது செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. சிறு பிள்ளைகளைப் புதைப்பதும், பதினாறாம் நாள் காரியம் இல்லாமல் விடுவதும், பெற்றவளை மயானத்துக்கு அனுப்பாததும் நம் பக்கம் பல குடும்பங்களில் வழக்கம். சீக்கிரம் மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு பிள்ளை இருந்ததற்கே தடயம் இல்லாமல் போவதுதான் தாயை உள்ளுக்குள் அரிக்கிறது.

ஜப்பானில் கருவிலும் சிறு வயதிலும் இறந்த பிள்ளைகளுக்கு ஜிசோ என்ற போதிசத்துவர் (பௌத்த அருளாளர்) காவல் என்று நம்புகிறார்கள். டோக்கியோவின் சோஜோஜி கோயிலில் சின்னச் சின்ன ஜிசோ சிலைகள் வரிசையாக நிற்கும். தலையில் பெற்றோர் போட்டுவிட்ட சிவப்புக் குல்லாய், பக்கத்தில் காற்றில் சுழலும் பொம்மைக் காற்றாடி. குளிப்பாட்டவும் உடுத்தவும் ஏங்கும் கைகளுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கிறது. நீங்களும் மனதில் வைத்திருந்த பெயரைச் சொல்லி விளக்கேற்றுங்கள். அந்தக் குழந்தைக்கென்று எடுத்துவைத்த சட்டை இருந்தால் அதையும் விளக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐயர் வர வேண்டும், நாள் பார்க்க வேண்டும் என்றெல்லாம் இல்லை.

கேள்வி: மகனின் நினைவு நாள் வந்தாலே என் கணவர் வெளியே கிளம்பிவிடுகிறார். கல்நெஞ்சமா?

பதில்: இல்லை. அவருக்கு உட்கார்ந்து அழ வரவில்லை, அவ்வளவுதான். மாலை வாங்கி வரச் சொல்லுங்கள், படத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். வற்புறுத்த மட்டும் வேண்டாம்.

கேள்வி: வருஷா வருஷம் நினைவு நாள் கும்பிடுவது ஆறின புண்ணைக் கிளறுவது ஆகாதா?

பதில்: அன்றைக்கு வலிக்கத்தான் செய்யும். கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் தேதியில் பெற்றோர் பள்ளி வாசலுக்கு வந்து, படங்களுக்கு மாலை போட்டு, பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தை வைத்துப் படைக்கிறார்கள். மற்ற நாட்களில் "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கே?" என்று ஊர் கேட்கும். அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழலாம், கூடவே அழ அதே நிலையில் இருப்பவர்கள் உண்டு. கூட்டமாகச் செய்கிற சடங்கின் பெரிய பலம் இதுதான் என்பேன்.

கேள்வி: எல்லாச் சடங்கும் செய்தாயிற்று. ஆனாலும் மகளோடு நானும் போயிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

பதில்: இதற்குச் சடங்கு போதாது அம்மா. இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், இன்று தனியாக இருக்காதீர்கள். 14416-க்குப் போன் செய்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி மைய ஆலோசகர்கள் பேசுவார்கள். எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். அப்புறம் மனநல மருத்துவரையும் பாருங்கள்.