பழைய மசில் காருக்கு அதிகத் திறனுள்ள ஆல்டர்னேட்டர்: 200 ஆம்பியர் தேவைதானா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: 1969ஆம் ஆண்டு செவ்ரலே செவெல் என்ற மசில் காரில் (பெரிய இன்ஜின் கொண்ட பழைய அமெரிக்கக் கார்), ஆலையில் பொருத்திய 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) இன்னும் இருக்கிறது. ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன், கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், புதிய ஏசி ஆகியவற்றைச் சேர்த்த பிறகு, சிக்னலில் நிற்கும்போது வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. 200 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டால் இது சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

200 ஆம்பியர் வேண்டாம் என்பதே என் பதில். இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும் நிலையில்) ஓடும்போது, 82 ஆம்பியருக்குக் குறையாமல் கொடுக்கக்கூடிய 130 முதல் 150 ஆம்பியர் வரையிலான ஒன்றைத் தேடுங்கள். அதைப் பூட்டுவதற்கு முன்பே, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரை மாற்றிவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே 1969 செவெல்லைப் பதினோரு ஆண்டுகளாக வைத்திருக்கும் நான், முதல்முறை இந்தத் தேர்வைத் தவறாகச் செய்து, பிறகு எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்தவன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதம் மூன்றாம் சனிக்கிழமையன்று உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் வரிசைகட்டிப் போகும். அன்றைக்கு அந்தச் சாலையில் கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். அந்தத் தவறான தேர்வைச் செய்த ஆண்டு நான் "140 ஆம்பியர்" என்று எழுதியிருந்த ஒற்றை ஒயர் ஆல்டர்னேட்டர் ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தேன். பொழுது சாய்ந்து ஹெட்லைட்டைப் போட்டபோது, ராயல் ஓக் அருகே வண்டிகள் நகராமல் நின்றன. முன்னால் நின்ற காரின் பம்பரில் என் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஃபேனின் இரைச்சல் ஒரு சுருதி இறங்கியது. பிரேக்கை மிதித்தால் வோல்ட்மீட்டர் முள் 12க்குக் கீழே சரிந்தது. ஃபேன் மெதுவாகச் சுற்றியதால் டெம்பரேச்சர் முள்ளும் ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள், ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் சூடாக இருக்கையில், 680 ஆர்பிஎம்மில், அந்த ஆல்டர்னேட்டர் கொடுத்தது 44 ஆம்பியர். இன்ஜினை 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 120ஐத் தாண்டியது. ஆகவே பெட்டியில் எழுதியிருந்த எண் பொய்யில்லை; எனக்கு வேண்டிய எண் அது இல்லை, அவ்வளவுதான்.

ஆல்டர்னேட்டரின் மேல் எழுதப்படும் ஆம்பியர் அளவு, பொதுவாக அதன் உள்ளே சுற்றும் பாகமான ரோட்டர் 6,000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கிடைக்கும் அளவாகும். உங்கள் காரில் கிராங்க் புல்லிக்கும் ஆல்டர்னேட்டர் புல்லிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஐடிலிங்கில் ரோட்டர் 1,700 அல்லது 1,800 ஆர்பிஎம்தான் சுற்றும். இந்த வேகத்தில் என்ன கிடைக்கும் என்பதை ரோட்டரைச் சூழ்ந்த கம்பிச்சுருளான ஸ்டேட்டர் சுற்றப்பட்ட முறை தீர்மானிக்கிறது. உச்ச அளவைப் பெரிதாகக் காட்டுவதற்கு எளிய வழி, தடித்த கம்பியை எடுத்துக் குறைந்த சுற்றுகள் சுற்றுவதாகும். சுற்று குறைந்தால், மெதுவான வேகத்தில் 14 வோல்ட்டை எட்டவே அது திணறும். ஆகவே, 200 ஆம்பியர் என்று விற்கப்படும் ஒன்று, ஐடிலிங்கில் உங்கள் பழைய ஆல்டர்னேட்டரைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் கொடுப்பதும் நடக்கும். சூடும் சேர்ந்துகொள்கிறது: செம்பின் மின்தடை 100 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும், குளிர்ந்த நிலையில் சோதித்த அளவு பானெட்டுக்குள் கிடைக்காது. விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரோட்டர் 1,800 ஆர்பிஎம்மில், சூடான நிலையில், 13.5 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? சோதனைத் தாளோடு இதற்குப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். என் காரின் கணக்கு இது: எலக்ட்ரிக் ஃபேன் முழு வேகத்தில் 28 ஆம்பியர், ஏசி புளோயர் 16, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் 8, கம்ப்யூட்டரும் இன்ஜெக்டரும் இக்னிஷனும் சேர்ந்து 8, ஹெட்லைட் 8, மற்ற விளக்குகள் 6, ஏசி கம்ப்ரசர் கிளட்ச் 4. மொத்தம் 78, பிரேக்கை மிதித்தால் 82. ஃபேன் கிளம்பும் நொடியில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும், ஆனால் அந்த ஒரு நொடியைப் பேட்டரி தாங்கிக்கொள்ளும். ஐடிலிங்கில் இந்த 82க்குக் கீழே எது கொடுத்தாலும், மீதியைப் பேட்டரிதான் கொடுத்துக்கொண்டிருக்கும். நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் அடுத்தமுறை செல்ஃப் எடுக்காது.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். உங்கள் காரில் இருப்பது டெல்கோ ரெமி நிறுவனத்தின் 10டிஎன் என்ற ரகம். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இதில் தனியாக வெளியே இருக்கும். ஏசியோடு வந்த கார்களில் இதுவே 61 ஆம்பியர் அளவில் பொருத்தப்பட்டது. 1970களில் ரெகுலேட்டரை உள்ளேயே வைத்த 10எஸ்ஐ பரவலானது. 1980களில் அதற்கு அடுத்ததாக 12எஸ்ஐ. இவ்விரண்டும் உங்கள் பழைய பிராக்கெட்டிலேயே உட்காரும் என்பது பெரிய வசதி. கூடுதலாக ஏதும் சேர்க்காத காருக்கு 94 ஆம்பியர் 12எஸ்ஐ தாராளமாகப் போதும். பார்வைக்கும் அந்தக் காலத்து இன்ஜின் போலவே இருக்கும். எலக்ட்ரிக் ஃபேன் சேர்ந்துவிட்ட உங்கள் காருக்கு அது போதாது. அதற்குப் பிறகு வந்த சிஎஸ்130, உருவத்தில் சிறியதாக இருந்தும் 100 ஆம்பியர் அளவில் கொடுக்கும். சிஎஸ்144 இன்னும் பெரியது, 120 முதல் 140 வரை. இந்த சிஎஸ் வகையில் ஒன்றை மறக்கக் கூடாது: விளக்குக்கான முனையில் நேரடியாக 12 வோல்ட்டைக் கொடுத்தால் ரெகுலேட்டர் எரிந்துவிடும், இடையில் எச்சரிக்கை பல்போ ரெசிஸ்டரோ இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக நான் பொருத்தியது, பழைய டெல்கோ உருவத்தில் வார்த்த கூட்டுக்குள், சதுர வெட்டுமுகம் கொண்ட செம்புக் கம்பிகளை ஹேர்பின் போல வளைத்துச் செருகிய ஸ்டேட்டர் உள்ள 140 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். உருண்டைக் கம்பிகளுக்கு இடையே வீணாகும் இடைவெளி இதில் இல்லாததால், அதே அளவு இடத்தில் அதிகச் செம்பு அடங்குகிறது. அதே 680 ஆர்பிஎம்மில், அதே கிளாம்ப் மீட்டரில், இது 86 காட்டியது. விலை கூடுதல்தான், என் பார்வையில் உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதுவே. ஆர்டர் செய்யும்போது கனெக்டர், கடிகார முள் கணக்கில், எந்த மணி நிலையில் இருக்க வேண்டும் என்பதையும், பல பள்ளங்கள் கொண்ட தட்டைப் பெல்ட் புல்லிக்குப் பதில் வி பெல்ட் புல்லி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒற்றை ஒயர் ஆல்டர்னேட்டரைப் பலரும் விரும்புகிறார்கள், ஒரே ஒயரில் வேலை முடிந்துவிடுகிறது என்பதால். நான் அதை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டார்ட் செய்தவுடன் அது சார்ஜ் செய்யாது. ஒருமுறை ஆக்சிலரேட்டரை மிதித்து வேகம் ஏற்றினால்தான் விழிக்கும். டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கை விளக்கும் பயனற்றுப் போகும். எல்லாவற்றையும்விட, அது தன் முனையில் இருக்கும் வோல்டேஜை மட்டுமே அளந்துகொண்டு நிம்மதியாக இருந்துவிடும்; ஆறேழு அடி தள்ளி ஹெட்லைட்டுக்கு என்ன போய்ச் சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. 1969இல் செவ்ரலே பொறியாளர்கள் இதை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. ஹார்ன் ரிலேயின் மேல் உள்ள சந்திப்பிலிருந்துதான் காரின் சுமைகள் பிரிகின்றன. ரெகுலேட்டரும் அங்கிருந்தே வோல்டேஜை அளக்கிறது. மூன்று ஒயர் ஆல்டர்னேட்டரை வாங்கி, வோல்டேஜை அளக்கும் அதன் சென்சிங் ஒயரை அந்தச் சந்திப்புக்கே கொண்டுபோனால், வழியில் இழப்பு இருந்தாலும் ரெகுலேட்டர் அதை ஈடுகட்டி, சுமைகள் இருக்கும் இடத்தில் 14.2 வோல்ட் நிற்கும்படி பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஒயர். ஆலையில் போட்ட சார்ஜிங் ஒயர் 10 கேஜ் (இந்த எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும்), சில பகுதிகளில் அதைவிடவும் மெல்லியது. 37 ஆம்பியருக்கு அது சரி. 10 கேஜ் செம்பு ஒயரின் மின்தடை அடிக்கு ஏறத்தாழ 1 மில்லிஓம். எட்டடி நீளத்தில் 60 ஆம்பியர் போனால் ஒயரிலேயே அரை வோல்ட் போய்விடும். ஐம்பது ஆண்டுப் பழைய முனைகளின் இழப்பு தனி. என் காரில் ஆல்டர்னேட்டரின் முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் இடையே 0.8 வோல்ட் வித்தியாசம் இருந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே சிவப்பு ஒயரின் உறை பழுப்பேறி, நகத்தால் கீறினால் உதிரும் அளவுக்கு இறுகிப்போயிருந்தது. அந்த நிலையில் 200 ஆம்பியரை அதன் வழியே அனுப்ப முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது. தயவுசெய்து இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 4 கேஜ் ஒயர் ஒன்றை ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோய், பேட்டரிக்கு அருகிலேயே பெரிய மின்னோட்டத்துக்கான ஒரு மெகா ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸ் அளவு ஆல்டர்னேட்டரின் உச்ச அளவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். 140 ஆம்பியருக்கு நான் 175 போட்டிருக்கிறேன். ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால், தீப்பிடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைக் கொட்டப்போவது பேட்டரி. அதனால்தான் ஃபியூஸ் அந்த முனையில் இருக்க வேண்டும்.

போன மின்சாரம் திரும்பி வரவும் வழி வேண்டும். பெயின்ட் அடித்த பிராக்கெட், பவுடர் கோட்டிங் செய்த பிராக்கெட் எல்லாம் எர்த்தைத் தடுக்கும். ஆல்டர்னேட்டர் கூட்டிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கும், பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும், அங்கிருந்து பாடிக்கும் அதே தடிமனில் எர்த் ஒயர் போடுங்கள்.

பெல்ட்டைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 140 ஆம்பியரை 14 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 2 கிலோவாட். ஆல்டர்னேட்டரின் திறன் 60 சதவீதம் என்று கொண்டால், அது இன்ஜினிடமிருந்து நாலரைக் குதிரைத்திறனை வாங்கும். ஒற்றை வி பெல்ட் ஏற்கெனவே வாட்டர் பம்பையும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, இதற்கு மேல் போனால் வழுக்கத் தொடங்கும். புல்லியைச் சுற்றிக் கருந்தூள் படிந்திருந்தால் வழுக்குகிறது என்று பொருள். 200 ஆம்பியர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சிறிய புல்லி போட்டால் ஐடிலிங்கில் அதிகம் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் பெல்ட் பற்றும் பரப்பும் குறைந்துவிடும்; இன்ஜினின் உச்ச வேகத்தில் ரோட்டர் 18,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கிராங்கில் யாராவது அண்டர்டிரைவ் புல்லி (ஆல்டர்னேட்டரை மெதுவாகச் சுற்றவைக்கும் சிறிய புல்லி) மாட்டிவைத்திருந்தால், முதலில் அதைக் கழற்றுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சொல். அந்தக் காலத்து கிரைஸ்லர் கார்களில், அதாவது சார்ஜர், ரோட் ரன்னர், கூடா போன்றவற்றில், பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இன்ஜினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் இடையிலுள்ள ஃபயர்வால் தகட்டின் கனெக்டர் வழியாக உள்ளே வந்து, டாஷ்போர்டில் இருக்கும் அம்மீட்டருக்குள் புகுந்து, மீண்டும் வெளியே போகிறது. அவற்றில் பெரிய ஆல்டர்னேட்டரைப் போடுபவர்கள் அம்மீட்டரை மின்சுற்றிலிருந்து விலக்கி, ஃபியூஸோடு ஒரு நேர்வழி ஒயர் போட்டு, அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்கள் 1990களின் நடுவில் வந்த மஸ்டாங்கின் 130 ஆம்பியர் 3ஜி ஆல்டர்னேட்டரைப் பூட்டுவது வழக்கம். அது நல்ல தேர்வு.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். முடித்தபின், இறங்கிப்போன பேட்டரியைத் தனிச் சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றிய பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். காலிப் பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது ஆல்டர்னேட்டரிடம் கொடுத்தால் முதல் நாளே அது சூட்டில் வதங்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கமும் வேண்டாம். அந்த நொடியில் எழும் வோல்டேஜ் டையோடுகளையும் உங்கள் இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பிறகு எல்லாச் சுமைகளையும் போட்டு, கால் மணி நேரம் ஐடிலிங்கில் விட்டு, பேட்டரியில் வோல்டேஜைப் பாருங்கள். 13.5க்குக் குறையாமல் நின்றால் சரி.

கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரைக் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளாதீர்கள். அதன் கூட்டில் பாகத்தின் எண்ணுக்கும் ஆம்பியர் அளவுக்கும் பக்கத்தில் தயாரித்த தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும்: முதலில் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து மாதத்துக்கான ஆங்கில எழுத்து, பிறகு நாள். என்னுடையதில் 9, அடுத்து மூன்றாம் எழுத்தான சி, பிறகு 12. அதாவது 1969 மார்ச் 12. எண்ணெய்த் துணியில் சுற்றி, ரெகுலேட்டரையும் புல்லியையும் சேர்த்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.