அம்மாவின் கைக்கடிகாரம் காட்டும் எண்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: மல்லாவியில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 71 வயது. பிரஷருக்கும் நீரிழிவுக்கும் கிளினிக் மருந்து எடுக்கிறார். அதில் அட்டெனலோலும் உண்டு. கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய ஸ்மார்ட் கைக்கடிகாரம் இரவில் நாடித்துடிப்பு 48 என்றும் குருதியிலுள்ள ஒட்சிசன் 88 வீதம் என்றும் காட்டுகிறது. அவர் அங்கிருந்து தொலைபேசியில் அதைப் பார்த்துவிட்டுப் பதறி அழைக்கிறார். மருந்தைக் குறைக்கலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக மருந்தைக் குறைக்க வேண்டாம். அட்டெனலோல் இருதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து. உறக்கத்தில் எல்லோருக்கும் துடிப்பு இறங்கும். இரண்டும் சேரும்போது 48 என்பது, தலைச்சுற்றோ மயக்கமோ இல்லாத ஒருவரிடத்தில், அன்றிரவே அஞ்சவேண்டிய எண்ணன்று. மாறாக, இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் ஏறி நெஞ்சு நோவும் வரக்கூடும். ஆனால், விழித்து அமர்ந்திருக்கும்போதும் துடிப்பு 50க்குக் கீழேயே நின்றால், அல்லது அம்மா தலை சுற்றுகிறது, வழமைக்கு மாறாகக் களைக்கிறது என்றால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கைக்கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை ஒளி தோலுக்குள் சென்று, ஒவ்வொரு துடிப்பிலும் குருதி கூடிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியின் அளவிலிருந்து கணிக்கிறது. அசையாமல் இருக்கும்போது துடிப்பை அது ஓரளவு நன்றாகவே எண்ணும். ஒட்சிசனைச் சிவப்பு ஒளியாலும் அகச்சிவப்பு ஒளியாலும் அளக்கிறது. மணிக்கட்டில் இந்த அளவீடு எளிதில் பிழைக்கும். வயதானவரின் மெலிந்த கையில் வார் தளர்ந்து, கடிகாரம் எலும்பின் மேல் ஏறி நின்றாலோ, கை குளிர்ந்திருந்தாலோ, கையின் மேல் தலை வைத்து உறங்கினாலோ 88 வரலாம். மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரலளவு மேலே, தோலைச் சற்றே பற்றும்படி கட்டிவிடுங்கள். அடுத்த முறை குறைவாகக் காட்டினால் அம்மாவை எழுப்பி உட்காரவைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, விரலில் மாட்டும் ஒட்சிமானியில் ஒரு நிமிடம் பாருங்கள். அதிலும் 92க்குக் கீழ் என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கருநிறத் தோலில் இக்கருவிகள் சில வேளை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகின்றன. ஆகவே மூச்சு வாங்கும் ஒருவரை, 95 காட்டுகிறதே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பிரஷரைப் பொறுத்தவரை, மேற்கையில் பட்டி சுற்றும் கருவியையே நம்புங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பின், கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்து அளவெடுக்க வேண்டும். ஊசி குத்தாமலே சீனியின் அளவைச் சொல்வதாக விற்கப்படும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாமென அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டுவது உயிருக்கே ஆபத்தாகலாம். தோலுக்கடியில் மெல்லிய இழை செலுத்தி மேற்கையில் ஒட்டும் குளுக்கோஸ் உணரி வேறு வகை, அது நம்பத்தக்கது.

இந்தக் கடிகாரத்தால் உண்மையான பயன் ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுகொள்வதில்தான் உண்டு. இந்த வயதில் இருதய மேலறை நடுக்கம், அதாவது இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது, அறிகுறியே இல்லாமல் வரலாம். அதனால் கட்டும் குருதிக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று கடிகாரம் மீண்டும் மீண்டும் சொன்னால் வைத்தியரிடம் சொல்லி முழு ஈசிஜி எடுக்கச் செய்யுங்கள். சில கடிகாரங்கள் தாமாகவே 30 விநாடி ஈசிஜி எடுக்கும்; அதையும் சேமித்துக் காட்டலாம். ஆனால் மாரடைப்பை அதால் கண்டுபிடிக்க முடியாது.

கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அங்கே தொலைபேசியில் வரைபடங்களைத் தேடிக்கொண்டிருக்காமல், காலையில் எழும்ப முன் உள்ள துடிப்பையும் அன்றைய பிரஷரையும் இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். அம்மா குளிக்கும் நேரத்தில் கடிகாரத்தைச் சார்ஜ் போட்டால் இரவு அது கையில் இருக்கும்.

தம்பிக்கு அங்கே பகல், உங்களுக்கு இங்கே நடுச்சாமம். எச்சரிக்கை எந்த எண்ணில் ஒலிக்கவேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டுக் கீழிறக்கி வைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கல்ல, உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அழைப்பு வந்தால் அம்மாவிடம் போய்ப் பெயர் சொல்லி எழுப்பி, மூச்சைக் கவனித்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, நெஞ்சு நோ, மூச்சுத்திணறல், எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும், கடிகாரம் என்ன காட்டினாலும், உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.