நம்ம ஊர்ல வரைய என்ன இருக்கு?

"ஒதுக்குப்புறமான ஊர்ல இருந்து இப்பதான் வரைய ஆரம்பிச்சிருக்கேன், என் ஊரையும் என் சனத்தையும் காட்டணும்னா எதை வரையறது?"ன்னு கேட்டிருக்கீங்க.

எனக்கும் இதே குழப்பம் இருந்துச்சுங்க. எங்க ஊரு கயத்தாறு பக்கம், அங்க இருந்த வரைக்கும் கோபுரம், ஜல்லிக்கட்டு மாடு, பாம்படம் போட்ட பாட்டின்னே வரைஞ்சேன், வாங்குறவங்க அதைத்தான் கேப்பாங்க. 2017ல வேலைக்காக டொரண்டோ வந்த புதுசுல, பக்கத்துல மெக்மைக்கேல் மியூசியத்துல ஆனி பூட்டுகூக் படங்களைப் பார்த்தேன்.

அவங்க இனுயிட் பொண்ணு, அதாவது வட துருவப் பக்கத்துப் பழங்குடி. ஊரு கனடாவோட வடகோடி நூனாவுட்ல கின்கைட், அப்போ கேப் டோர்செட்னு பேரு. அந்த ஊருக்கு ரோடே கிடையாது, பிளேன்லதான் போகணும், கனமான சாமானெல்லாம் கோடையில கப்பல்ல வரும், மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனா அங்க உள்ள கூட்டுறவு சங்கம் 1959லருந்து வருசா வருசம் ஊர் ஓவியர்களோட படங்களைப் பிரிண்ட் போட்டு வெளியிடுது. ஆனியோட பாட்டி பிட்சியோலாக், அம்மா நபாச்சி ரெண்டு பேருமே பேர் வாங்கின ஓவியர்கள். வெளியாளுங்க அங்கருந்து எதிர்பார்த்தது பறவையும் கரடியும்தான். ஆனி 1997ல வரைய வந்தவங்க, பேனாவும் கலர் பென்சிலும் வச்சு வீட்டுக்குள்ள நடக்குறதை வரைஞ்சாங்க. தரையில உக்காந்து சீல்ங்கிற கடல்நாய்க் கறி சாப்பிடுற குடும்பம், டிவி, சுவத்துக் கடிகாரம், ஊர்க்கடை ஃப்ரீசர் முன்னாடி நிக்கிற சனம், குடி, புருஷன் அடிக்கிற அடி, எதையும் மறைக்கல. 2006ல சோபி விருது, கனடாவுல ஓவியர்களுக்குக் குடுக்குற பெரிய விருது, 50,000 டாலர். அடுத்த வருசம் ஜெர்மனியில டாக்குமெண்டாங்கிற பெரிய கலைக் கண்காட்சியில அவங்க படங்கள் இருந்துச்சு. 2016ல, 47 வயசுலயே போயிட்டாங்க, இப்ப நினைச்சாலும் மனசு ஆறல.

என்னை அசைச்சது ஆனி தன் பாட்டியோட மூக்குக் கண்ணாடியை வரைஞ்ச படம். தடிச்ச கறுப்பு ஃப்ரேம், அவ்வளவுதான், முகம் கிடையாது. ஆனா பாட்டி இப்பதான் கழட்டி வச்சுட்டு எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு.

மறுநாளே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு அடுப்படியைக் காட்டச் சொன்னேன். ரேசன் அரிசி வாளி, சிலிண்டர், அதுக்குப் பக்கத்துல அப்பா ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்ப எடுத்துட்டுப் போற டார்ச் லைட்டு, அவர் இறந்து ஆறு வருசமாச்சு, இன்னும் அங்கதான் இருக்கு. அந்த டார்ச்சை மட்டுமே திரும்பத் திரும்ப மூணு மாசம் வரைஞ்சு அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அடி மூடி ஒரு பக்கமா நெளிஞ்சிருக்கும்யா, கிணத்து மேட்டுல விழுந்தது, அத விட்டுட்டியே"ன்னாங்க.