மண்வெட்டியோடு மலையேற்றம்

கேள்வி: வர்ஜீனியாவில் இருக்கும் என் மகன் மலையேறும் கிளப்பில் சேர்ந்து, சனிக்கிழமையானால் மண்வெட்டியோடு கிளம்பிவிடுகிறான். சம்பளமும் இல்லையாம். இது என்ன பைத்தியம்?
— ஓர் அம்மா, திருநெல்வேலி

பதில்: லீவு நாளில் மண்வெட்டி எடுக்கும் பிள்ளையா? கொடுத்துவைத்தவர் அம்மா நீங்கள்! அமெரிக்காவில் அப்பலாச்சியன் நடைபாதை என்ற நீண்ட மலைப்பாதை 14 மாநிலங்கள் வழியே சுமார் 3,500 கிலோமீட்டர் ஓடுகிறது. கிட்டத்தட்ட கால்வாசி வர்ஜீனியாவில்தான். அதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலானோர் இப்படிப்பட்ட கிளப் ஆட்களே. பாதைக்கு முதல் எதிரி மழைத்தண்ணீர். விட்டால் மண்ணை அரித்து, பாதையையே ஓடையாக்கிவிடும். அதனால் குறுக்கே சாய்வாகக் கட்டையோ கல்லோ பதித்து, தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்புவார்கள். நம் ஊர் மடை திருப்புகிற வேலைதான். அங்கே சேரும் மண்ணையும் சருகையும் அள்ளத்தான் மண்வெட்டி. சம்பளத்தை விடுங்கள்; அந்தக் காடுகளில் உண்ணி கடித்து லைம் நோய் என்ற தொற்று வரலாம். வீடு திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள்.